தினசரி ஸ்டாண்ட்-அப்: 15 நிமிடத்துக்குள் நடத்தி முடிக்க ஒரு வழிகாட்டி

அஜைல் முறையில் (வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, திட்டத்தை அடிக்கடி திருத்திக்கொண்டே செய்யும் முறை) வேலை செய்யும் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அல்லது "நாளையிலிருந்து ஸ்டாண்ட்-அப்பை நீங்களே நடத்துங்க" என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டார்களா? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். டீம் தினமும் கூடி அன்றைய வேலையைத் திட்டமிடும் குறுகிய கூட்டம்தான் ஸ்டாண்ட்-அப்.

நான் வேலை பார்த்த ஒரு டீமில் ஸ்டாண்ட்-அப் தினமும் முக்கால் மணி நேரம் ஓடும். ஒவ்வொருவரும் மேனேஜரைப் பார்த்து நேற்று செய்ததை ஒப்பிப்பார்கள். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சரிசெய்ய எல்லோருமே பாடுபட்டோம். எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. நீங்களும் அதே பாட்டைப் பட வேண்டாம்.

கீழே உள்ள முதல் ஐந்து படிகளும் முதல் கூட்டத்துக்கு முன்பே முடிய வேண்டியவை. இரண்டு நாள் போதும். அவற்றை விட்டுவிட்டு நேராகக் கூட்டத்தைத் தொடங்கினால், ஓடுகிற வண்டியில் சக்கரம் மாற்றுகிற கதையாகிவிடும்.

1. கூட்டம் எதற்கு என்று டீமோடு பேசி முடிவு செய்யுங்கள்

ஸ்டாண்ட்-அப்புக்கு ஒரே ஒரு வேலைதான். ஸ்பிரிண்ட் (டீம் திட்டமிட்டு வேலை செய்யும் ஒரு குறுகிய காலகட்டம்) இலக்கை எட்டுவதற்கு இன்று யார் எதை எடுப்பது, நேற்றைய திட்டத்தில் எதை மாற்றுவது என்று வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. யாருக்கும் கணக்கு ஒப்படைப்பதற்கான இடம் அல்ல அது.

கேட்பதற்கு இது சாதாரணமாக இருக்கும். ஆனால் பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. கூட்டம் கணக்கு ஒப்படைப்பாக மாறிய உடனே ஆட்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசத் தொடங்குவார்கள். "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" என்பார்கள். சிக்கிக்கொண்டதைச் சொல்ல மாட்டார்கள். சிக்கலைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரத்தான் தினமும் கூடுகிறோம், அதுவே நடக்காமல் போய்விடும்.

உங்கள் கூட்டம் சரியான பாதையில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கூட்டம் முடிந்ததும், யாராவது ஒருவருடைய இன்றைய வேலை பேச்சின் விளைவாக மாறியதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் தன் டிக்கெட்டை (பதிவு செய்துவைத்த ஒரு தனி வேலை) ஒதுக்கிவைத்துவிட்டு ரிவியூவுக்கு (இன்னொருவர் எழுதிய கோடைச் சரிபார்க்க) போனார், இருவர் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்று ஏதாவது நடந்திருக்க வேண்டும். எல்லா நாளும் நடக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் முழுக்க எதுவுமே மாறவில்லை என்றால் அது வெறும் அறிவிப்புக் கூட்டம்.

2. யார் வர வேண்டும், யார் பேச வேண்டும் என்று எழுதிவையுங்கள்

ஸ்பிரிண்டில் உள்ள வேலையைக் கையால் செய்பவர்கள் அனைவரும் வர வேண்டும். டெவலப்பர், டெஸ்டர், டிசைனர், டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர் என்று எந்தப் பதவியாக இருந்தாலும் சரி. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு டீமுக்குச் சொல்லும் அளவு பொதுவாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவு. உங்கள் கூட்டத்துக்கு 14 பேர் வருகிறார்கள் என்றால் கூட்டத்தை நீட்டாதீர்கள். இரண்டு டீமாகப் பிரிக்க முடியுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்க்ரம் மாஸ்டரும் (டீம் இந்த முறையைச் சரியாகப் பின்பற்ற உதவுபவர்) பிராடக்ட் ஓனரும் (எதை, எந்த வரிசையில் செய்வது என்று முடிவு செய்பவர்) ஸ்பிரிண்டில் ஏதாவது வேலையைத் தாங்களே எடுத்துச் செய்தால், மற்ற டெவலப்பர்களைப் போலவே பேசலாம். இல்லையென்றால் கேட்பதற்காக வரலாம். பிராடக்ட் ஓனர் அருகில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். "இந்தத் திரையில் பிழைச் செய்தி என்ன வர வேண்டும்?" என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

மேனேஜர் வருவதுதான் கொஞ்சம் சங்கடமான விஷயம். வராதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். அவருக்கு நிலவரம் தெரிய வேண்டும், அது நியாயமான தேவை. அதை வேறு வழியில் கொடுத்துவிடுங்கள். போர்டின் (எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பலகை) இணைப்பை அனுப்புங்கள், வாரத்தில் ஒரு நாள் ஐந்து வரியில் நிலவரம் எழுதி அனுப்புவதாகச் சொல்லுங்கள். பிறகு இப்படிக் கேட்டுக்கொள்ளலாம்: "சார், ஸ்டாண்ட்-அப்ல நீங்க இருக்கும்போது எல்லாரும் உங்களைப் பார்த்தே பேசறாங்க. ரெண்டு வாரம் நீங்க கேட்க மட்டும் செய்யறீங்களா? உங்களுக்கு வேண்டிய தகவலை நான் தனியா அனுப்பிடறேன்." இரண்டு வாரம் என்று எல்லை வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

3. நேரத்தையும் இடத்தையும் ஒருமுறை வைத்துவிட்டு மாற்றாதீர்கள்

எல்லா வேலை நாளும் அதே நேரம், அதே இடம், அல்லது அதே வீடியோ இணைப்பு. இன்று எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது.

எந்த நேரம்? எல்லோரும் வேலைக்கு வந்து சேர்ந்து, மின்னஞ்சலைப் பார்த்து, ஆனால் ஆழமான வேலையில் இன்னும் இறங்காத நேரம் சிறந்தது. கடைசியாக வருபவர் எப்போது வருகிறார் என்று கேட்டு, அதிலிருந்து அரை மணி நேரம் தள்ளி வையுங்கள். மதிய உணவுக்குச் சற்று முன் வைத்தால் கூட்டம் நீளாது என்பது உண்மைதான். ஆனால் காலை வேலையெல்லாம் பழைய திட்டத்தின்படி போய்விடும். மாலையில் வைக்கும் டீம்களும் உண்டு. அன்று செய்ததை ஒப்பிக்கும் கூட்டமாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலண்டரில் ஒன்றுக்கு இரண்டு அழைப்புகள் போடுங்கள். முதலாவது 15 நிமிடம், எல்லோருக்கும். அதை ஒட்டி இன்னொரு 15 நிமிடம், "தேவைப்படுபவர் மட்டும்" என்ற தலைப்பில். இந்த இரண்டாவது அழைப்பு எவ்வளவு உதவும் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். விவாதம் நீளும்போது "இதை அப்புறம் பேசலாம்" என்று சொல்வது எளிது. அந்த அப்புறத்துக்கு எல்லோருடைய காலண்டரிலும் இடம் இருந்தால்தான் அது நடக்கும்.

நின்றுகொண்டு பேசும் வழக்கம், பேச்சு சுருங்கட்டும் என்பதற்காக வந்தது. நேரில் கூடுகிறீர்கள் என்றால் நின்று பாருங்கள். கால்வலி, கர்ப்பம், வேறு எந்தக் காரணமாக இருந்தாலும் நிற்க முடியாதவர் உட்காரலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இதை முதல் நாளே பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

4. நான்கு ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

பெரிய கோப்புகள் எதுவும் வேண்டாம். நான்கையும் சேர்த்தாலே அரை நாள் வேலைதான்.

முதலாவது, ஸ்பிரிண்ட் இலக்கு, ஒரே வாக்கியத்தில். "17 டிக்கெட்டுகளை முடிப்பது" என்பது இலக்கு ஆகாது. "வாடிக்கையாளர் கடவுச்சொல்லை மறந்தால், உதவி மையத்தை அழைக்காமல் தானே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்" என்பது இலக்கு. இதைப் போர்டின் தலையிலேயே எழுதிவையுங்கள். எந்த டிக்கெட்டை முதலில் பேசுவது என்று இந்த வாக்கியம்தான் தீர்மானிக்கும்.

இரண்டாவது, போர்டு. ஜிரா, ட்ரெல்லோ போன்ற இணையக் கருவியோ சுவரில் ஒட்டிய காகிதமோ, எதுவானாலும் பரவாயில்லை. நெடுவரிசைகள் உங்கள் வேலை உண்மையில் நகரும் விதத்தைக் காட்ட வேண்டும்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, கோட் ரிவியூ, டெஸ்டிங், முடிந்தவை. "செய்துகொண்டிருப்பவை" என்ற ஒற்றைப் பெட்டிக்குள் ரிவியூவையும் டெஸ்டிங்கையும் அடைத்துவைத்தால் வேலை எங்கே தேங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு முன் அவரவர் டிக்கெட்டை அவரவரே சரியான இடத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டும். கூட்டத்தில் நகர்த்த ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

மூன்றாவது, தடைப் பட்டியல். நான்கு பத்திகள் கொண்ட சின்ன அட்டவணை: தடை என்ன, எந்தத் தேதியில் சொல்லப்பட்டது, யார் தீர்க்கப் பொறுப்பு, எப்போது மீண்டும் பார்ப்பது. தேதிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஒரு தடை ஆறு நாளாகக் கிடக்கிறது என்பதை யாரும் வாயால் சொல்ல விரும்ப மாட்டார்கள், தேதி சொல்லிவிடும்.

நான்காவது, ஒரு பக்க ஒப்பந்தம். கூட்ட நேரம், தாமதமாக வந்தால் என்ன செய்வது, வர முடியாவிட்டால் எங்கே எழுதுவது, யார் எந்த வாரம் நடத்துவது என்ற விவரங்கள். நீங்களே எழுதி அனுப்பினால் அது உங்கள் விதியாக இருக்கும். டீமோடு உட்கார்ந்து எழுதினால்தான் அவர்களுடைய விதியாகும். அரை மணி நேரம் ஒதுக்கி சேர்ந்தே எழுதுங்கள்.

5. செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தக் கூட்டத்தின் பெரிய செலவு ஆட்களின் நேரம்தான். 8 பேர் கொண்ட டீமில் 15 நிமிடக் கூட்டம் என்றால் நாளுக்கு 2 மணி நேரம், ஐந்து நாள் வாரத்துக்கு 10 மணி நேரம். அதே கூட்டம் 45 நிமிடம் ஓடினால் வாரத்துக்கு 30 மணி நேரம். முழு நேரம் வேலை செய்யும் ஒருவருடைய வாரத்தில் பெரும்பகுதி அது. ஒருவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்து, மற்ற ஏழு பேர் காத்திருந்தால் 35 நிமிடம் போயிற்று. கூட்டத்தை ஏன் சுருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

கருவிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் தொடக்கத்தில் இல்லை. ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேர் வரை போதும். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். 15 நிமிடக் கூட்டத்துக்கு இரண்டும் தாராளம். ஸ்டாண்ட்-அப்புக்கென்றே தனியாக விற்கும் பாட் (தானாகக் கேள்வி கேட்டுப் பதில் சேகரிக்கும் நிரல்), செருகுநிரல் போன்றவற்றை முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். பழக்கம் உருவாகும் முன் கருவி வந்தால், கருவிக்கு ஏற்றபடி பேசப் பழகிவிடுவோம்.

6. முதல் கூட்டத்தை நிமிட வாரியாக நடத்துங்கள்

குறித்த நேரத்தில் தொடங்குங்கள். மூன்று பேர்தான் வந்திருந்தாலும் தொடங்குங்கள். தாமதமாக வருபவருக்காகச் சொன்னதைத் திரும்பச் சொல்லாதீர்கள், போர்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும். தாமதத்துக்கு அபராதம் விதிக்கும் டீம்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருபவரிடம் அபராதம் வாங்குவதால் ஒன்றும் சரியாகாது. தாமதம் தினமும் நடந்தால் நேரம் தப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

முதல் 1 நிமிடம்: ஸ்பிரிண்ட் இலக்கை ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எத்தனை நாள் மீதி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்த 10 நிமிடம்: போர்டைச் சுற்றி வருவது. எப்படி என்பது அடுத்த படியில்.

அடுத்த 2 நிமிடம்: தடைப் பட்டியல். பழைய தடைகளில் எது தீர்ந்தது, புதியது எது.

கடைசி 2 நிமிடம்: யார் யாரோடு சேர்ந்து பேசப் போகிறார்கள் என்று பெயர் சொல்லி முடிப்பது. 15 ஆனதும் நிறுத்திவிடுங்கள், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. முதல் வாரம் சிலருக்கு எரிச்சல் வரும். இரண்டாவது வாரத்தில் முக்கியமானதை முதலில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

7. ஆளைச் சுற்றாமல் வேலையைச் சுற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்று வரிசையாக ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்க்ரம் என்றால் இதுதான் கட்டாயம் என்று யாராவது சொன்னால், ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பில் இந்த மூன்று கேள்விகளே இல்லை என்று காட்டுங்கள். கூட்டத்தின் அமைப்பை டெவலப்பர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. கையேடு இலவசமாகவே கிடைக்கிறது, சிறியது, ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம்.

மூன்று கேள்விகளில் என்ன சிக்கல்? ஒவ்வொருவரும் தன் முறை வரும்வரை தான் சொல்ல வேண்டியதை மனதில் ஒத்திகை பார்ப்பார்கள், தன் முறை முடிந்ததும் காதை மூடிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், யாருடைய பொறுப்பிலும் இல்லாத வேலை பேச்சிலேயே வராது. ரிவியூவுக்காகக் காத்திருக்கும் டிக்கெட்டை எழுதியவர் "நான் முடிச்சுட்டேன்" என்பார். ரிவியூ செய்ய வேண்டியவர் தன் சொந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசுவார். நடுவில் அந்த டிக்கெட் நான்கு நாள் அப்படியே கிடக்கும், எட்டுப் பேரும் தினமும் பேசியும் ஒருவர் கண்ணிலும் படாமல்.

அதனால் போர்டை வலமிருந்து இடமாகப் பாருங்கள். கான்பன் (வேலை நகர்வதைப் போர்டில் பார்த்து நடத்தும் இன்னொரு முறை) டீம்கள் பின்பற்றும் வழக்கம் இது. முடிவதற்கு மிக அருகில் உள்ள டிக்கெட்டிலிருந்து தொடங்கி, "இது முடிய இன்று என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பேச்சு இப்படிப் போகும் (இதில் ஸ்டேஜிங் சர்வர் என்பது வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் சர்வர், கான்ஃபிக் என்பது அதன் அமைப்பு, புல் ரிக்வெஸ்ட் என்பது ரிவியூவுக்கு அனுப்பிய கோட் மாற்றம்):

"கடவுச்சொல் டிக்கெட் டெஸ்டிங்ல இருக்கு. இன்னைக்கு முடியுமா?"

"ஸ்டேஜிங் சர்வர்ல மெயில் போகலை. அது சரியானா மதியத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"அந்த கான்ஃபிக் நான்தான் மாத்தினேன். கூட்டம் முடிஞ்சதும் உங்ககூட உட்கார்றேன்."

"சரி. அடுத்தது, ரிவியூல ரெண்டு நாளா நிக்கிற புல் ரிக்வெஸ்ட். யார் பார்க்கறீங்க?"

"என் டிக்கெட்டை இன்னும் தொடங்கலை. அதை விட்டுட்டு இதை முதல்ல பார்த்துடறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். புதிய வேலையைத் தொடங்க இருந்தவர், பாதியில் நிற்கும் வேலையை முடிக்கப் போகிறார். முதல் படியில் சொன்ன மாற்றம் இதுதான். இப்படி ஒன்று நடந்தாலே அன்றைய 15 நிமிடம் பலன் தந்துவிட்டது.

எல்லா டிக்கெட்டையும் தொட வேண்டியதில்லை. நேற்று நகர்ந்து, இன்றும் சிக்கலின்றி நகரப்போவதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நேரம் தீர்ந்து "செய்ய வேண்டியவை" வரை வரவே முடியவில்லை என்றால் நஷ்டமில்லை. போர்டில் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும் டிக்கெட்டுகள் அதிகமாக இருப்பதால் நேரம் போதவில்லை என்றால் அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று எல்லை வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த முறையில் அதிகம் பேசாதவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கூட்டம் முடிந்துபோகலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள், இயல்பிலேயே அமைதியானவர்கள், கூட்டம் நடக்கும் மொழியில் தயங்கிப் பேசுபவர்கள் இவர்கள். போர்டைச் சுற்றி முடித்ததும் "போர்டில் இல்லாத வேலை ஏதாவது செய்யறீங்களா? யாருக்காவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, ஐந்து விநாடி உண்மையிலேயே காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். தயங்குபவருக்கு அந்த நேரம் தேவை.

8. தடையைக் கேட்டதும் என்ன செய்வது

தடையைக் கூட்டத்திலேயே தீர்க்கப் பார்ப்பதுதான் 15 நிமிடம் 45 ஆவதற்கு முதல் காரணம். ஒருவர் "டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துகிட்டே இருக்கு" என்பார். உடனே இருவர் காரணத்தை ஆராயத் தொடங்குவார்கள். மற்றவர்கள் சும்மா நிற்பார்கள்.

ஒரு தடைக்கு மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். எந்த வேலை நின்றிருக்கிறது? தீர்க்க யார் வேண்டும்? இன்று எப்போது உட்காரப் போகிறீர்கள்? பதிலைப் பட்டியலில் எழுதிவிட்டு நகருங்கள். விவாதம் காலண்டரில் நீங்கள் ஏற்கெனவே பிடித்துவைத்த இரண்டாவது 15 நிமிடத்தில் நடக்கட்டும். சம்பந்தப்பட்ட இருவர் மூவர் இருந்தால் போதும், மற்றவர்கள் போகலாம்.

யார் நிறுத்துவது என்பதில் தயக்கம் வரும். மூத்தவர் ஒருவர் நீளமாகப் பேசும்போது புதியவர் எப்படி இடைமறிப்பார்? அதனால் ஒரு பொதுச் சைகையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது கையை உயர்த்தினால் "இதைத் தனியாகப் பேசலாம்" என்று அர்த்தம். வீடியோக் கூட்டத்தில் சாட்டில் ஒரு குறி. சைகை எல்லோருக்கும் பொது என்று முன்பே பேசிவைத்திருந்தால் யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டீமுக்கு வெளியே உள்ள தடைகள் வேறு வகை. இன்னொரு டீம் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) தர வேண்டும், பாதுகாப்புப் பிரிவு அனுமதி தர வேண்டும் என்பவை. இவற்றை ஸ்க்ரம் மாஸ்டர் அல்லது டீம் லீட் பெயரில் எழுதுங்கள். இரண்டு வேலை நாளில் அசையவில்லை என்றால் மேனேஜரிடம் போகும் என்று முன்பே பேசிவையுங்கள். மேனேஜரின் உதவி உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. பலரும் அவரிடம் இதைக் கேட்பதே இல்லை.

இன்னொன்றையும் டீமுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காலை 11 மணிக்குச் சிக்கிக்கொண்டவர் மறுநாள் ஸ்டாண்ட்-அப் வரை காத்திருக்கக்கூடாது. அப்போதே கேட்க வேண்டும். திட்டத்தை மாற்றிக்கொள்ள ஸ்டாண்ட்-அப் மட்டுமே நேரம் என்று எங்கும் விதி இல்லை.

9. அடிக்கடி மாட்டிக்கொள்ளும் பொறிகள்

டிக்கெட் எண்களை வாசிப்பது. "நானூற்றுப் பன்னிரண்டு முடிந்தது, நானூற்றுப் பதினைந்தில் இருக்கிறேன்" என்றால் யாருக்கும் புரியாது. வேலையின் பெயரைச் சொல்லுங்கள்.

"90 சதவீதம் முடிஞ்சிடுச்சு" என்ற பதில். மீதம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "டெஸ்ட் எழுதணும், ரிவியூக்கு அனுப்பணும்" என்று வந்தால் அதைக்கொண்டு திட்டமிடலாம். சதவீதத்தைக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

ஒரே ஆள் எப்போதும் நடத்துவது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வாரம் ஒருவர் என்று சுழற்றுங்கள், புதியவரையும் மூன்றாவது வாரத்திலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் போர்டைத் திரையில் பகிர்ந்துவிட்டுத் தன் முகத்தைச் சின்னதாக்கிக்கொண்டால் பார்வை தானாக வேலையின் மேல் போகும்.

ஸ்டாண்ட்-அப்பில் சொன்னதை வைத்து ஆண்டு மதிப்பீட்டில் ஒருவரைக் குறைத்துப் பேசுவது. இது ஒருமுறை நடந்தாலும் போதும், அதன்பிறகு யாரும் தடையைச் சொல்ல மாட்டார்கள். லீட் பதவியில் இருப்பவர்கள் இதை மிகுந்த கவனத்தோடு தவிர்க்க வேண்டும். உடைந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்ட மாதக்கணக்கில் ஆகும்.

வர முடியாதவர் சாட்டில் நீண்ட குறிப்பு எழுதி, அதை ஒருவர் கூட்டத்தில் வாசிப்பது. வேண்டாம். டிக்கெட்டிலேயே இரண்டு வரி எழுதட்டும், அந்த டிக்கெட் வரும்போது கண்ணில் படும்.

10. டீம் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால்

எல்லோருடைய வேலை நேரமும் ஒன்றுசேரும் இடைவெளி இரண்டு மணி நேரமாவது இருந்தால் அதற்குள் நேரடிக் கூட்டம் வையுங்கள். இடைவெளி சிறியது என்றால் யாரோ ஒருவர் இரவிலோ விடியற்காலையிலோ வர வேண்டியிருக்கும். தினமும் அதே ஆள் அந்தச் சுமையைச் சுமக்கக்கூடாது. மாதம் ஒருமுறை நேரத்தை மாற்றிப் பகிர்ந்துகொள்ளுங்கள். மூன்றாவது படியில் மாற்றாதீர்கள் என்றேன், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாற்றலாம்.

கோடைக்கால நேர மாற்றத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மாறியிருக்கும். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படித்தான். நேரத்தையே மாற்றாத நாடுகளில் இருப்பவர்களுக்குக் கூட்டம் திடீரென ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். காலண்டர் அழைப்பு எந்த நேர மண்டலத்தில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே டீமுக்குச் சொல்லிவிடுங்கள்.

நேரம் ஒன்றுசேரவே இல்லையென்றால் எழுத்து வழி ஸ்டாண்ட்-அப் செய்யலாம். ஸ்லாக்கிலோ டீம்ஸிலோ தனிச் சேனல் ஒன்று திறந்து, அவரவர் வேலை நாள் தொடங்கும்போது மூன்று வரி எழுதுவது: இன்று எதை முடிக்கப் போகிறேன், யாரிடமிருந்து என்ன வேண்டும், யார் என்னிடமிருந்து எடுத்துத் தொடரலாம். மூன்றாவது வரிதான் நேர மண்டலம் தாண்டிய டீமுக்கு உயிர். ஒருவர் உறங்கும் நேரத்தில் இன்னொருவர் வேலையைக் கையிலெடுக்க அது வழி செய்யும். எழுதிய குறிப்பை யாரும் படிக்காமல் போகும் ஆபத்து இங்கே அதிகம். "படித்தேன்" என்று குறி போடும் வழக்கத்தைவிட, உதவி கேட்டவருக்கு தன் வேலையைத் தொடங்கும் முன் பதில் எழுத வேண்டும் என்ற விதி நன்றாக வேலை செய்யும். வாரம் ஒருமுறையாவது குரல் கேட்டுப் பேசுங்கள்.

11. முதல் ஆறு வாரம்

முதல் இரண்டு வாரம் முறையை மாற்றாமல் அப்படியே நடத்துங்கள். மூன்றாம் நாளே "இது சரிப்படாது" என்று ஒருவர் சொல்வார். இரண்டு வாரம் பொறுங்கள், ரெட்ரோவில் (வேலை செய்த விதத்தை டீம் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) பேசலாம் என்று சொல்லுங்கள். அந்த ரெட்ரோவில் பத்து நிமிடம் ஸ்டாண்ட்-அப்புக்கே ஒதுக்குங்கள். பார்க்க வேண்டியவை: எத்தனை நாள் 15 நிமிடத்தைத் தாண்டியது, எழுதிய தடைகளில் எத்தனை இரண்டு நாளுக்குள் தீர்ந்தன, யார் அநேகமாகப் பேசவே இல்லை. ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த இரண்டு வாரம் செய்யுங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நான்காவது வாரத்துக்கு மேல் கூட்டம் சில நாள் 8 நிமிடத்தில் முடியும். முடிந்ததும் கலைந்துவிடுங்கள், மீதி நேரத்தை நிரப்ப வேறு விஷயம் கொண்டுவராதீர்கள்.

டீமில் இருவர் மூவர்தான் இருக்கிறீர்கள், ஒரே மேசையில் நாள் முழுக்கச் சேர்ந்தே வேலை செய்கிறீர்கள் என்றால், தனிக் கூட்டம் உண்மையிலேயே வேண்டுமா என்று ஆறாவது வாரத்தில் கேட்டுப் பாருங்கள். காலையில் போர்டின் முன் ஐந்து நிமிடம் நின்றாலே போதுமானதாக இருக்கலாம். நான்காவது ஆள் சேரும் நாளில், இரண்டாவது படியிலிருந்து மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.